சில்லறையோடு வந்த படம்

அங்காராவில், குவென் பூங்காவிலிருந்து
திக்மென் மேட்டுக்குக் கடைசி நடை.
பதினான்கு இருக்கை. நிற்பவர்களை நான் எண்ணுவதில்லை.
எங்கள் வண்டியில் காசு
கைமாறிக் கைமாறி முன்னால் வரும்,
மிச்சம் அதே வழியில் பின்னால் போகும்.
மூன்று வாரமாக அதோடு சேர்ந்து
ஒரு படமும் வருகிறது.

"ரெண்டு பேர், மேட்டு பேக்கரி வரைக்கும்.
வாஷிங் மெஷின் எங்கேயாவது படி இறங்குமாய்யா?"
என்றபடி நோட்டை நீட்டினார்
பத்திரப்பதிவில் ஓய்வு பெற்ற ரிஃப்கி.
போன காசைவிடப் போன இரண்டு மணி நேரம்தான்
அவருக்கு வயிற்றெரிச்சல்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது:
ஐந்து மாடி. மூன்றாவதில் ஒரு மெஷின்
துணி பிழியும்போது நடுங்கி நடுங்கி
வாசல் தாண்டிப் படியிறங்கிவிடுகிறது.
அக்கம்பக்கத்தார் முதலில் புகார் எழுதுகிறார்கள்.
அப்புறம் வழிவிடுகிறார்கள்.
அப்புறம் அதன் தலையில் தேநீர் வைக்கிறார்கள்.
கடைசியில் குடியிருப்போர் கூட்டத்தில் கை தூக்கி
அதையே நிர்வாகி ஆக்கிவிடுகிறார்கள்.
"எங்க நிர்வாகிக்கு அது தேவலை"
என்றாள் பின்னால் ஒருத்தி. வண்டியே குலுங்கியது.

ஷஹாப் குழாய் வேலைக்காரன்.
"ஹோஸைக் கழட்டாம அது வாசலைத் தாண்டாது.
கழட்டினா கீழ்வீடு முழுகியிருக்கும்.
எடுத்தவன் ஒரு நாள்கூட வாடகை வீட்டில இருந்ததில்லை."

கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர்
சிரித்த சிரிப்பில் மிச்சம் வாங்காமல் இறங்கிப் போனார்கள்.
அந்தக் காசு இன்னும் ஸ்டியரிங் பக்கம் கிடக்கிறது.
இன்னொருவர் நன்றாகத் தூங்கினாராம்,
வீட்டில் இப்படித் தூக்கம் வருவதில்லையாம்.

நுர்ஹயாத் இரவுப்பணிச் செவிலி.
"பாதி ராத்திரியில அது எட்டாம் நம்பர் வாசல்ல
வந்து நின்னுச்சே, அங்கதான் அழுதுட்டேன்.
அந்தக் கதவை வேற யார் தட்டினாங்க?"
ஷஹாப் வாயில் ஹோஸ் வரவில்லை.
வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"உள்ளே இருந்த துணி யாரோடது?"
என்றான் மடியில் இருந்த பையன்.
"தூங்குடா" என்றாள் அம்மா.
அன்றிரவு தூங்காதது நான்.

சிவப்பு விளக்குக்கு ஒரு காட்சி வீதம்
படத்தை எடுத்துக்கொண்டே போனேன்.
நிறத்தை யாரும் சொல்லவில்லை, பிஸ்தாப் பச்சை அடித்தேன்.
ஒரு கால் குட்டை, அடியில் மடித்த அட்டை;
அது நழுவினால் நடக்காமல் என்ன செய்யும்?
நிர்வாகிக்கு என் மைத்துனனின் மீசை வைத்தேன்.
எட்டாம் நம்பர் கதவை மட்டும் திறக்கவில்லை.
உள்ளே யார் என்று முடிவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளட்ச் போய் வண்டி ஒர்க்‌ஷாப்பில்.
மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தேன்.
அரங்கில் ஏழு பேர்.
மெஷின் வெள்ளை. புத்தம்புதுசு.
நான்கு காலும் சமம்.
துணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
எட்டாம் நம்பர் வாசலில் அது நின்றது
நான் மூக்குச் சிந்தி முடிப்பதற்குள் முடிந்தது.
நுர்ஹயாத் சொன்னபோது
இரண்டு நிறுத்தம் வரை நின்றதே!
ஒரே ஓரிடத்தில் சிரித்தேன்,
வேறு ஒருவரும் சிரிக்காத இடத்தில்:
கூட்டக் குறிப்பு வாசிக்கிறவன் பக்கத்தைப் புரட்டுகிறான்,
அடுத்த பக்கத்தில் எதுவும் இல்லை,
அதையும் வாசிக்கிறான்.

நேற்று ராத்திரி மறுபடி ரிஃப்கி ஏறினார்.
கையில் அதே படத்தின் டிக்கெட் துண்டு.
"மூணாவது தடவை" என்றார்.
"திட்டணும்னா ஒழுங்கா பார்த்திருக்க வேண்டாமா?"
கதவைச் சாத்திவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார்.
"யாவெர், நீ பார்த்தியா?"

பச்சை விழுந்தது.
இல்லை என்றேன்.

அவர் முதல் மாடியிலிருந்து ஆரம்பித்தார்.
ஏற்றத்துக்கு இரண்டாம் கியர் போட்டேன்.